திருத்தணி படி ஏறும்போது கெண்டைக்கால் பிடிக்குதா? விரலை காப்பாற்ற பிசியோதெரபி இருக்கு!

திருத்தணி,

முருகப்பெருமானின் அறுபடை வீடுகளில் 5-ம் படை வீடு திருத்தணி. மலைக்கோவிலுக்கு மொத்தம் 365 படிகள். வருடத்துக்கு 365 நாள், நாளுக்கு ஒரு படி என்று பக்தர்கள் கணக்கு சொல்வார்கள். டிசம்பர் 31-ந் தேதி படித்திருவிழா அன்று ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றிக்கொண்டே மேலே போவார்கள்.

இந்த படிகளில் சிலர் பாதியில் நிற்பதை பார்க்கலாம். மூச்சு வாங்கி நிற்பவர்கள் ஒரு ரகம். இன்னொரு ரகமும் உண்டு. அவர்களுக்கு மூச்சு சாதாரணமாகத்தான் இருக்கும். ஆனால் குனிந்து கெண்டைக்காலை பிடித்துக்கொண்டு நிற்பார்கள். 2 நிமிடம் நின்றால் வலி போய்விடும். மறுபடி ஏறுவார்கள். கொஞ்ச தூரத்தில் மறுபடியும் பிடிக்கும். "வயசாயிடுச்சி, அவ்ளோதான்" என்று தங்களுக்கு தாங்களே சமாதானம் சொல்லிக்கொள்வார்கள்.

இது வெறும் வயசு விஷயம் இல்லை. நடந்தால் வலி, நின்றால் சரியாகிவிடும் என்றால் காலுக்கு ரத்தம் போதவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். இதை கண்டுகொள்ளாமல் விட்டால் அடுத்து விரல் மரத்துப்போகும். அதற்கு அடுத்து புண் ஆறாது. கடைசியில் விரலையே எடுக்க வேண்டிய நிலைமை வரும். ஆனால் ஆரம்பத்திலேயே கவனித்தால் மருந்தோடு சேர்த்து பிசியோதெரபி என்கிற உடற்பயிற்சி சிகிச்சை மூலம் பெரும்பாலானவர்கள் காலை காப்பாற்றிக்கொள்ள முடியும். அது எப்படி என்று பார்ப்போம்.

கடைமடைக்கு தண்ணீர் போகவில்லை

நம்ம பக்கம் ஏரிப்பாசனம். மதகில் இருந்து கால்வாய் வழியாக தண்ணீர் போகும். கால்வாயில் மண் மேடு தட்டினால் முதலில் காய்வது எந்த வயல்? கடைமடை வயல்தான். உடம்பிலும் அதே கதைதான். இதயம்தான் மதகு. ரத்தக்குழாய்கள் கால்வாய். கை விரல், கால் விரல் எல்லாம் கடைமடை. குழாயில் அடைப்பு வந்தால் அடி முதலில் விழுவது விரல்களுக்கு.

இதில் 4 விதமான ஆட்கள் இருக்கிறார்கள்.

முதல் வகை, சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு உள்ளவர்கள். ரத்தக்குழாயின் உள்பக்க சுவரில் கொழுப்பு படிந்து வழி குறுகிவிடும். நடக்கும்போது தசைக்கு ரத்தம் அதிகம் தேவை. வழி குறுகலாக இருப்பதால் அவ்வளவு வராது. அதனால்தான் படி ஏறும்போது கெண்டைக்கால் பிடிக்கிறது.

2-வது வகை, பீடி, சிகரெட் பிடிப்பவர்கள். இவர்களுக்கு என்றே ஒரு நோய் இருக்கிறது. பெயர் பர்கர் நோய். வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் டாக்டராக இருந்த லியோ பர்கர் என்பவர் 1908-ம் ஆண்டு இதை விவரமாக எழுதினார். சாப்பிடுகிற பர்கருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கை, கால்களில் உள்ள சின்ன, நடுத்தர ரத்தக்குழாய்கள் வீங்கி, உள்ளே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். பெரும்பாலும் 45 வயதுக்கு உட்பட்ட ஆண்களைத்தான் பிடிக்கும். அதாவது குடும்பத்துக்கு சம்பாதித்து போடுகிற வயது.

3-வது வகை, குளிர் தாங்காதவர்கள். குளிர்ந்த தண்ணீரில் கை வைத்தால் போதும். விரல்கள் முதலில் வெள்ளையாகும், பிறகு நீலமாகும். சூடு வந்ததும் சிவந்து எரியும். பிரான்ஸ் நாட்டு டாக்டர் மாரிஸ் ரேனோ 1862-ல் இதை எழுதினார். அவர் பெயரால் ரேனோ நோய் என்கிறார்கள். பெண்களுக்கு அதிகம் வரும். பாறைக்கு துளை போடும் மெஷின் மாதிரி அதிரும் கருவிகளை பல வருடம் பிடித்து வேலை செய்பவர்களுக்கும் வரும். ஐஸ் மீன் அள்ளுகிறவர்களுக்கு தொல்லை கூடும்.

4-வது வகை, சர்க்கரையால் நரம்பு கெட்டுப்போனவர்கள். கால் மரத்துப்போகும், எரியும், பஞ்சு மேல் நடக்கிற மாதிரி இருக்கும். நம்ம ஊர் தெலுங்கு வீடுகளில் இதை "திம்மிரி" என்பார்கள். இவர்களுக்கு ரத்த ஓட்டம் நன்றாக இருந்தாலும் கால் மரத்துப்போகும். நரம்பும் கெட்டு, ரத்தக்குழாயும் அடைத்திருந்தால் ஆபத்து 2 மடங்கு.

இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும், சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து செய்த ஆய்வு 2023-ம் ஆண்டு தெரிவித்தது. தெருவுக்கு 4 பேராவது இருப்பார்கள். ஆகவே இது யாரோ ஒருவர் பிரச்சினை இல்லை.

பெரியப்பாவின் கட்டை விரல்

இதை எழுதும் நிருபரின் பெரியப்பா ஒரு விசைத்தறி தொழிலாளி. திருத்தணியை சுற்றி அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை, ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு என்று தறி ஓடாத ஊர் குறைவு. சிமெண்ட் தரையில் நாள் முழுக்க நின்றபடி வேலை. நூல் அறுந்தால் ஓடி கட்ட வேண்டும். தூக்கம் வராமல் இருக்க பீடி. நாளைக்கு 2 கட்டு தீர்ந்துவிடும்.

40 வயதில் அவருக்கு பாதம் சில்லென்று ஆனது. ராத்திரி படுத்தால் வலி. கட்டிலில் இருந்து காலை தொங்கப்போட்டால் கொஞ்சம் குறையும். உட்கார்ந்தபடியே தூங்குவார். "டேய் தம்பி, கால்ல ரத்தமே இல்லாத மாதிரி இருக்குடா" என்பார். வீட்டில் எல்லோரும் வாயு என்றார்கள். யாரோ சொன்னார்கள் என்று சட்டியில் உப்பை வறுத்து துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தோம். மரத்துப்போன காலுக்கு சூடு தெரியவில்லை. கட்டை விரல் ஓரம் கொப்புளம் வந்தது. கொப்புளம் புண்ணானது. புண் கறுத்தது. ஒரே மாதத்தில் விரல் போய்விட்டது.

ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து அவர் பீடி பற்ற வைத்ததை டாக்டர் பார்த்துவிட்டார். திட்டவில்லை. "இன்னும் 9 விரல் இருக்கு. எத்தனை வேணும்னு நீங்களே சொல்லுங்க" என்று மட்டும் கேட்டார். அன்றோடு பீடி நின்றது. அப்புறம்தான் பிசியோதெரபி டாக்டர் நடக்க கற்றுக்கொடுத்தார். இப்போதும் பெரியப்பாவுக்கு 9 விரல் இருக்கிறது.

ராஜாவுக்கே வந்தது

இது ஏழைகளுக்கு மட்டும் வரும் நோய் இல்லை. பழைய காசுகளில் தலை இருக்குமே, அந்த இங்கிலாந்து ராஜா ஆறாம் ஜார்ஜுக்கும் காலில் ரத்த ஓட்டம் நின்றுபோகும் நிலை வந்தது. அவரும் விடாமல் சிகரெட் பிடித்தவர். 1948-ம் ஆண்டு கால் வலி முற்றியதால் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பயணத்தையே தள்ளிவைத்தார்கள். காலை எடுக்க வேண்டி வருமோ என்று டாக்டர்கள் பயந்தார்கள். 1949 மார்ச் மாதம் அரண்மனைக்குள்ளேயே ஆபரேஷன் நடந்தது. கால் தப்பியது. ஆனால் 1951-ல் நுரையீரலில் ஆபரேஷன் நடந்தது. 1952 பிப்ரவரி 6-ந் தேதி 56 வயதில் அவர் இறந்துபோனார். அரண்மனை டாக்டர்கள் இருந்தும் புகைக்கு அவர் கொடுத்த விலை இது.

வீட்டிலேயே பார்க்கலாம் 6 சோதனை

ஆஸ்பத்திரிக்கு போகும் முன் நீங்களே சிலவற்றை கவனிக்கலாம்.

1. கால் விரல் நகத்தை 5 வினாடி அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் 2, 3 வினாடியில் மறுபடி சிவக்க வேண்டும். ரொம்ப நேரம் வெளுத்தே இருந்தால் சந்தேகம்.

2. 2 பாதத்தையும் புறங்கையால் தொட்டுப்பாருங்கள். ஒன்று மட்டும் சில்லென்று இருக்கிறதா?

3. பாதத்தின் மேல்பக்கம், கட்டை விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் இருந்து மேலே விரலால் தடவிக்கொண்டே வந்தால் நாடி துடிப்பு தெரியும். சிலருக்கு பிறவியிலேயே அந்த இடத்தில் தெரியாது. அதனால் உள்பக்க கணுக்காலுக்கு பின்னாலும் பாருங்கள். 2 இடத்திலும் கிடைக்கவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

4. காலில் முடி உதிர்ந்து, தோல் மெலிந்து பளபளவென்று ஆகிவிட்டதா?

5. படுத்துக்கொண்டு காலை 1 நிமிடம் மேலே தூக்கினால் பாதம் வெளுத்து, கீழே தொங்கப்போட்டதும் கருஞ்சிவப்பாக மாறுகிறதா?

6. காலில் உள்ள சின்ன காயம் 2 வாரம் தாண்டியும் ஆறவில்லையா?

இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு போய்விட வேண்டும். அங்கே ஒரு எளிய சோதனை செய்வார்கள். கையில் ரத்த அழுத்தம் பார்ப்பது போல கணுக்காலிலும் பார்ப்பார்கள். கணுக்கால் அளவை கை அளவால் வகுப்பார்கள். சாதாரணமாக 1 அல்லது அதற்கு சற்று மேலே வரும். 0.9 அல்லது அதற்கு கீழே வந்தால் அடைப்பு இருக்கிறது. உதாரணமாக கையில் 140, கணுக்காலில் 98 என்றால் 0.7. ஊசி கிடையாது, வலி கிடையாது.

சர்க்கரை நோயாளிகள் ஒன்றை தெரிந்துகொள்ள வேண்டும். பல வருட சர்க்கரையில் ரத்தக்குழாய் சுவர் சுண்ணாம்பு ஏறி கெட்டியாகிவிடும். அப்போது இந்த கணக்கு நல்லபடியாக இருப்பதுபோல ஏமாற்றும். அவர்களுக்கு டாப்ளர் ஸ்கேன் எடுத்து பார்ப்பார்கள்.

நரம்பு சிரமமா, அடைப்பா?

பலர் குழம்புவது இங்கேதான். காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு முடிச்சு முடிச்சாக தெரிவது வேறு நோய். அது ரத்தம் மேலே திரும்ப முடியாமல் கீழே தேங்குவது. அவர்களுக்கு காலை தூக்கி வைத்தால் சுகமாக இருக்கும். அடைப்பு உள்ளவர்களுக்கு ரத்தம் கீழே இறங்கவே வழி இல்லை. அவர்களுக்கு காலை தொங்கப்போட்டால்தான் சுகம்.

நரம்பு சுருட்டலுக்கு இறுக்கமான காலுறை போடச்சொல்வார்கள். அதே காலுறையை அடைப்பு உள்ளவர் போட்டால் வருகிற கொஞ்ச ரத்தமும் நின்றுவிடும். ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் போட்டார் என்று நீங்களும் வாங்கி போடாதீர்கள்.

முதல் மருந்து நடை

அடைப்பு உள்ளவர்களுக்கு பிசியோதெரபியில் முதலில் சொல்லிக்கொடுப்பது நடைதான். "நடந்தாலே வலிக்குது, நடக்கச்சொன்னா எப்படி?" என்று கேட்கலாம். அந்த வலியில்தான் விஷயமே இருக்கிறது.

சமதரையில் நடக்க வேண்டும். 3 முதல் 5 நிமிடத்துக்குள் கெண்டைக்காலில் வலி வரும் அளவுக்கு வேகம் இருக்கட்டும். லேசாக வலித்த உடனே நிற்கக்கூடாது. ஓரளவு நன்றாக வலிக்கும் வரை நடந்து, பிறகு நிற்க வேண்டும். உட்கார்ந்தோ நின்றோ வலி முழுவதும் போகட்டும். மறுபடி நடக்க வேண்டும். இப்படி நடை, ஓய்வு, நடை என்று மொத்தம் 30 நிமிடத்தில் ஆரம்பித்து, மெல்ல மெல்ல 45 நிமிடம் வரை கூட்டலாம். வாரத்துக்கு குறைந்தது 3 நாள். 12 வாரம் விடாமல் செய்ய வேண்டும்.

இதனால் அடைப்பு கரையாது. ஆனால் பிரதான கால்வாய் அடைத்தால் பக்க வாய்க்கால் வெட்டிக்கொள்வது போல, பக்கத்தில் உள்ள சின்ன குழாய்கள் விரிந்து ரத்தத்தை கொண்டுபோக உதவும். கிடைக்கிற ரத்தத்தை சிக்கனமாக செலவழிக்க தசையும் பழகிக்கொள்ளும். 100 அடியில் நின்றவர் கொஞ்சம் கொஞ்சமாக 200 அடி, 300 அடி என்று போக முடியும். 2 வாரத்தில் பலன் இல்லை என்று விடுபவர்கள்தான் அதிகம். 12 வாரம் என்பதை மறக்கக்கூடாது.

காலில் புண் இருப்பவர்கள், சும்மா படுத்திருந்தாலே வலி உள்ளவர்கள் இந்த நடையை ஆரம்பிக்கக்கூடாது. இதய நோய் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். நடக்கும்போது நெஞ்சு வலித்தால் உடனே நிறுத்த வேண்டும்.

காலை தூக்கு, தொங்கவிடு, படு

அடுத்தது பர்கர்-ஆலன் பயிற்சி. லியோ பர்கர் சொல்லிவைத்ததை பிறகு ஆலன் என்ற டாக்டர் திருத்தி அமைத்தார். செலவே இல்லாதது. ஒரு கட்டிலும் 2 தலையணையும் போதும். 3 கட்டமாக செய்ய வேண்டும்.

முதல் கட்டம்: மல்லாந்து படுத்து, 2 காலையும் தலையணை மேல் சாய்வாக உயர்த்தி வைக்க வேண்டும். பாதம் வெளுக்கும் வரை, அதிகபட்சம் 2, 3 நிமிடம். வலி வந்தால் முன்னாடியே இறக்கிவிடலாம்.

2-வது கட்டம்: எழுந்து கட்டில் ஓரம் உட்கார்ந்து காலை தொங்கவிட வேண்டும். பாதத்தை மேலும் கீழும் ஆட்ட வேண்டும். உள்பக்கம், வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். விரல்களை மடக்கி விரிக்க வேண்டும். 3 முதல் 5 நிமிடத்தில் பாதம் சிவக்கும்.

3-வது கட்டம்: காலை நீட்டி சமமாக படுத்து, போர்வையால் மூடி 5 நிமிடம் ஓய்வு.

இது ஒரு சுற்று. பிசியோதெரபிஸ்ட் சொல்லும் கணக்குப்படி இப்படி பல சுற்று செய்ய வேண்டும். தூக்கும்போது ரத்தம் வடிந்து, தொங்கவிடும்போது குழாய் மறுபடி நிறையும். வடிவதும் நிறைவதுமாக ஓட்டத்துக்கு பழக்கம் கொடுப்பதுதான் இதன் சூட்சுமம். விரல் கறுத்தவர்கள், புண் உள்ளவர்கள், காலில் ரத்தம் உறைந்து வீங்கியவர்கள் இதை தானாக செய்யக்கூடாது. முதல் தடவை பிசியோதெரபிஸ்ட் கண் முன்னால் செய்து பழகிக்கொள்வதுதான் நல்லது.

தறியில் உட்கார்ந்தபடியே

வேலையை விட்டுவிட்டு பயிற்சி செய்ய யாருக்கு முடியும்? வேலை நேரத்திலேயே செய்ய சில பயிற்சிகள் இருக்கின்றன.

குழித்தறியில் காலை தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் மணிக்கு ஒரு தடவை வெளியே வந்து 20 அடி நடந்துவிட்டு உட்காரலாம். விசைத்தறியில் நிற்பவர்கள் தூணை பிடித்துக்கொண்டு குதிகாலை தூக்கி தூக்கி இறக்கலாம். 10 தடவை செய்தால் போதும். கெண்டைக்கால் தசை இறுகி தளரும்போது ரத்தத்தை பம்பு போல தள்ளும். ஆட்டோ, லாரி ஓட்டுகிறவர்கள் வண்டியை நிறுத்தியதும் பாதத்தை மேலும் கீழும் 20 தடவை அசைக்கலாம். வீட்டில் பெண்கள் டி.வி. பார்க்கும்போது தரையில் துண்டை விரித்து கால் விரலால் சுருட்டி இழுக்கலாம். சின்ன பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் பாதத்தின் சின்ன தசைகளுக்கு இது நல்ல வேலை.

கை விரல் வெளுப்பவர்களுக்கு வேறு பயிற்சி. முஷ்டியை மடக்கி விரிக்க வேண்டும். கையை தோளில் இருந்து காற்றாலை மாதிரி பெரிதாக சுற்ற வேண்டும். ரத்தம் விரல் நுனிக்கு விசையாக போகும். வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைக்கலாம். அக்குளில் விரலை சொருகி வைத்தாலும் சூடு வரும். கையை மட்டும் சூடாக வைத்தால் போதாது. மார்கழி விடியலில் பால் போடுகிறவர்கள், பூக்கடைக்காரர்கள் தலைக்கு துணி, மேலுக்கு ஸ்வெட்டர் போட வேண்டும். உடம்பு குளிர்ந்தால் முதலில் விரலுக்கு போகும் ரத்தத்தைத்தான் உடம்பு நிறுத்தும்.

இதெல்லாம் செய்யாதீங்க

* மரத்த காலுக்கு உப்பு ஒத்தடம், வெந்நீர், செங்கல் சூடு, மின்சார ஒத்தட பை எதுவும் கூடாது. சூடு தெரியாது, ஆனால் தோல் வெந்துவிடும். தண்ணீரை முழங்கையால் தொட்டுப்பார்த்துத்தான் காலை வைக்க வேண்டும். வீட்டில் வேறு யாராவது தொட்டு பார்த்தால் இன்னும் நல்லது.

* ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் எண்ணெய் போட்டு உருவக்கூடாது. உள்ளே உறைந்த ரத்தக்கட்டி நகர்ந்து நுரையீரலுக்கு போனால் உயிருக்கே ஆபத்து.

* கால் ஆணியை பிளேடால் சீவக்கூடாது. நகத்தை ஒட்ட வெட்டக்கூடாது.

* பீடியை குறைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். பர்கர் நோய்க்கு நாளைக்கு ஒன்று, ரெண்டு பீடி கூட போதும், நோய் அடங்காது. முழுசாக விட்டால்தான் கால் மிஞ்சும். மெல்லும் புகையிலையும் அப்படித்தான்.

விட முடியவில்லை என்பவர்களுக்காக மத்திய அரசின் இலவச தொலைபேசி ஆலோசனை உண்டு. எண்: 1800-11-2356.

வேலூர் கற்றுக்கொடுத்த பாடம்

மரத்த காலை எப்படி காப்பாற்றுவது என்று உலகத்துக்கு கற்றுக்கொடுத்த ஊர்களில் ஒன்று நம்ம பக்கத்தில்தான் இருக்கிறது. 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். 1946-ல் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்தார். தொழுநோயாளிகளுக்கு விரல்கள் தானாக அழுகி விழுகின்றன என்றுதான் அப்போது எல்லோரும் நம்பினார்கள். அவர் கவனித்துப் பார்த்து வேறு சொன்னார். விரல் தானாக விழவில்லை. வலி தெரியாததால் காயம் பட்டதே தெரியாமல் மறுபடி மறுபடி அதே இடத்தில் அடி படுகிறது. அதனால்தான் விரல் போகிறது என்றார்.

வலி ஒரு காவல்காரன். காவல்காரன் இல்லாத வீட்டை நாம்தான் தினமும் சுற்றிப்பார்க்க வேண்டும். தினமும் காலை பார்ப்பது, மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு போடுவது எல்லாம் தொழுநோயாளிகளுக்காக அங்கே வளர்ந்த வழிமுறைகள். இன்றைக்கு சர்க்கரை நோயாளிகளின் கால்களை அதே முறைதான் காப்பாற்றுகிறது.

ஆகவே ராத்திரி படுக்கும் முன் 2 நிமிடம் ஒதுக்குங்கள். பாதத்தின் அடிப்பக்கத்தை முகம் பார்க்கும் கண்ணாடியை தரையில் வைத்து பாருங்கள். கண் தெரியாதவர்களுக்கு பேரப்பிள்ளைகள் பார்த்து சொல்லட்டும். விரல் இடுக்கில் ஈரம் இல்லாமல் துடைக்க வேண்டும். செருப்பு, ஷூவை கவிழ்த்து தட்டிவிட்டு போட வேண்டும்.

வெறுங்காலோடு மலை ஏறுபவர்கள் கவனத்துக்கு

ஆடிக்கிருத்திகைக்கு காவடி எடுத்து வருபவர்கள் வெறுங்காலோடுதான் நடப்பார்கள். வேண்டுதலை யாரும் தடுக்க முடியாது. ஆனால் கால் மரத்தவர்கள் சில விஷயங்களை கவனித்தால் முருகனும் சந்தோஷப்படுவான்.

வெயில் ஏறிய பிறகு கருங்கல் படியில் கால் வைக்காதீர்கள். மற்றவர்கள் சூடு தாங்காமல் ஓடுவார்கள். உங்களுக்கு தெரியாது. சாயங்காலம் பார்த்தால் உள்ளங்கால் முழுக்க கொப்புளமாக இருக்கும். விடியற்காலையில் ஏறுங்கள். கற்பூரம் ஏற்றிய படிகளில் கண்ணை கீழே வைத்து நடங்கள். முடியாதவர்களுக்கு மலை மேல் வரை வண்டி போகும் பாதை இருக்கிறது. இறங்கி வந்ததும் காலை கழுவி, துடைத்து, ஒவ்வொரு விரலாக பாருங்கள். சின்ன கொப்புளம் இருந்தாலும் உடைக்காமல் ஆஸ்பத்திரிக்கு போங்கள்.

எங்கே போக வேண்டும்?

30 வயது தாண்டியவர்களுக்கு சர்க்கரை, ரத்த அழுத்த பரிசோதனையை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாக செய்துகொள்ளலாம். திருத்தணி அரசு ஆஸ்பத்திரியில் காலை காட்டி, தேவைப்பட்டால் திருவள்ளூர் அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரிக்கு எழுதி வாங்கிக்கொள்ளலாம். அடைப்பு பெரிதாக இருந்தால் ரத்தக்குழாய் ஆபரேஷனுக்கு தனி பிரிவே சென்னை ராஜீவ்காந்தி அரசு பொது மருத்துவமனையில் இருக்கிறது. திருத்தணியில் மின்சார ரெயில் ஏறி சென்டிரலில் இறங்கினால் எதிரிலேயே ஆஸ்பத்திரி. முதல்வர் காப்பீட்டு திட்ட அட்டை இருப்பவர்கள் மறக்காமல் எடுத்துச்செல்ல வேண்டும்.

நடக்க முடியாதவர்களின் வீட்டுக்கே போய் மாத்திரை, பிசியோதெரபி கொடுப்பதற்காக மக்களை தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டு 5-ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. வீட்டில் படுத்தபடுக்கையாக யாராவது இருந்தால் உங்கள் பகுதி சுகாதார செவிலியரிடம் கேட்டுப்பாருங்கள்.

6 மணி நேரம்தான் கெடு

ஒன்றை மட்டும் எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நன்றாக இருந்த கால் அல்லது கை திடீரென வலித்து, வெளுத்து, சில்லென்று ஆகி, மரத்து, அசைக்க முடியாமல் போனால் பெரிய குழாயில் ரத்தக்கட்டி அடைத்துவிட்டது என்று சந்தேகப்பட வேண்டும். அப்போது பயிற்சியும் இல்லை, ஒத்தடமும் இல்லை. சுமார் 6 மணி நேரத்துக்குள் அடைப்பை எடுத்தால்தான் காலை முழுசாக மீட்க முடியும். "காலையில பார்க்கலாம்" என்று விட்டால் காலையில் கால் இருக்காது. உடனே 108-க்கு போன் செய்ய வேண்டும்.

போன ஆடிக்கிருத்திகைக்கு பெரியப்பா படி ஏறினார். நடுவில் 4 இடத்தில் நின்றார். "பெரியப்பா, வலிக்குதா?" என்று கேட்டோம். "வலிக்கட்டும்டா. வலிச்சா கால் இருக்குன்னு அர்த்தம்" என்றார். வலி போனதும் அடுத்த படியில் காலை வைத்தார். கீழே இறங்கியதும் முதல் வேலையாக மண்டப திண்ணையில் உட்கார்ந்து 9 விரலையும் ஒவ்வொன்றாக பிரித்து பார்த்தார்.

உங்களுக்கு 10 விரல் இருக்கிறது. இன்று ராத்திரி ஒரு தடவை பாருங்கள்.